மந்திக்குச் சட்டை கிடையாது!

மழைக்காட்டில் சிங்கம் கிடையாது.

மூன்றே வார்த்தைகள். இவற்றை எங்கள் காரியாலயத்தில் நிலைநாட்டுவதற்குள் மேஜைமேல் மூன்று டம்ளர் காப்பி ஆறிப் போய்விட்டது, நேயர்களே!

விஷயம் இதுதான். குழந்தைகள் பகுதிக்குப் புதிதாக ஒரு சித்திரத் தொடர் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்தார். "சீமை எலியும் சீமை வாத்தும் பார்த்தாயிற்று. நம்முடைய மலையில் இல்லாத பிராணிகளா? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் வரையாத ஐந்து பாத்திரங்கள் வேண்டும்" என்றார். கதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படம் போடுகிறவர் எங்கள் சித்திரக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே தூரிகை பிடித்தவர். என்னைத் 'தம்பி' என்று அழைப்பார். ஆனால், கோபம் வந்தால் 'பி.ஏ. தம்பி' என்பார்.

விற்பனைப் பகுதி நண்பர் ஒருவரும் அன்று கூட இருந்தார். "சிங்கம் இல்லாத காடா? ராஜா இல்லாத சீட்டுக் கட்டு மாதிரி அல்லவா இருக்கும்!" என்றார். இந்தியாவில் இன்று சிங்கம் சுயேச்சையாகத் திரிவது குஜராத்தில், கீர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பிரதேசத்திலும் மட்டுந்தான். அது வறண்ட காடு. ஓயாத ஈரமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிந்த மரங்களும் உள்ள மழைக்காட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நான் விளக்கினேன். நண்பர் மசியவில்லை. கடைசியில், "ஸார், சிங்கம் கட்டாயம் உண்டு. ஆனால் ஒரு குரங்கின் வால் நுனியில் மட்டும் உண்டு" என்றேன். அதைக் கேட்டுத்தான் சிரித்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. 'காடு' என்றதும் நம் மனத்தில் எழுகிற காடு நாம் போய்ப் பார்த்ததா? சினிமாக்காரர்களும் பொம்மைக் கடைக்காரர்களும் கட்டிக் கொடுத்த காடு அது. டிஸ்னி கம்பெனியார் 1967-இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' படத்தில் இந்தியக் காட்டுக் குரங்குகளுக்கு ராஜாவாக ஓர் ஓராங்ஊட்டானைப் போட்டார்கள். பாட்டும் கூத்தும் பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால், அந்தக் குரங்கு சுமத்ராவையும் போர்னியோவையும் விட்டு வெளியே வாழ்வதில்லை. கிப்ளிங்கின் மூலக் கதையில் குரங்குக் கூட்டம் உண்டு. அதற்கு ராஜா என்று யாரும் இல்லை. 2016-இல் மறுபடியும் படம் எடுத்தபோது இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, எப்போதோ பூண்டற்றுப் போன ஜைகாண்டோபித்தேகஸ் என்னும் ராட்சதக் குரங்காக அவரை மாற்றினார்கள். ஒரு பொய்யைத் திருத்தச் சில லட்சம் வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது, பாருங்கள்!

ஆகவே, பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் நேரில் பார்ப்பது என்று முடிவாயிற்று. பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினேழாவது வளைவுக்கு மேல் சித்திரக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்குக் காரணம் இயற்கைக் காட்சி அல்ல. காலையில் பொள்ளாச்சியில் சாப்பிட்ட பூரி.

கறுப்பு உடம்பு, வெள்ளைப் பிடரி

மழைக்காடு பார்க்க வால்பாறைக்குப் போகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது தேயிலைதான். எங்கு திரும்பினாலும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி பச்சை. வெள்ளைக்காரர் காலத்தில் காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்கள். அந்தத் தேயிலைக் கடலுக்கு நடுவே, வெட்டாமல் விட்ட காடுகள் தீவு தீவாக நிற்கின்றன. புதுத்தோட்டம் என்ற இடத்தில் அப்படி ஒரு தீவு இருக்கிறது. அங்கேதான் எங்கள் கதாநாயகி இருந்தாள்.

அவளை ஆங்கிலத்தில் 'சிங்கவால் குரங்கு' என்கிறார்கள். நம் மொழியில் சோலைமந்தி. (நம்முடைய 'சோலை' என்ற சொல்லை ஆங்கிலேய வனத்துறைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு 'ஷோலா' என்று எழுதினார்கள். இன்று அதையே நாம் திரும்ப வாங்கி 'ஷோலாக் காடு' என்று எழுதுகிறோம். கொடுத்த கடனுக்கு நாமே வட்டி கட்டுகிற கதை!) உடம்பெல்லாம் மை போன்ற கறுப்பு. முகத்தைச் சுற்றி வெள்ளி நரை போட்ட பிடரி. வால் நுனியில் சின்னக் குஞ்சம். உலகத்தில் வேறு எங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும், அதுவும் 4,000-க்குக் குறைவாகவே காட்டில் மிஞ்சியிருக்கின்றன.

சித்திரக்காரர் சாலையோரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து, முதல் நாள் முழுவதும் ஒரு கோடு போடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம், "தம்பி, ஒரு சங்கதி தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "ஒரு சித்திரப் பாத்திரத்தை மையால் முழுக்க அடைத்துவிட்டாலும், வெறும் நிழலைப் பார்த்தே இது இன்னார் என்று குழந்தை சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் தொழிலில் பால பாடம். இந்தக் காட்டில் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. கீழே இருட்டு, மேலே வெளிச்சம். எந்தப் பிராணியும் முதலில் நிழலாகத்தான் தெரிகிறது. பகவானே பால பாடத்தைப் படித்துவிட்டுத்தான் படம் போட்டிருக்கிறார்."

உண்மைதான். சோலைமந்தியின் நிழலுக்குப் பிடரியும் குஞ்சமும் போதும். அதே காட்டில் இன்னொரு கறுப்புக் குரங்கும் உண்டு, கருமந்தி. அதற்கு வால் இன்னும் நீளம், நுனியில் குஞ்சம் இல்லை. அந்தப் பாவப்பட்ட ஜீவனைக் 'கருங்குரங்கு லேகியம்' என்ற ஒரு மூட நம்பிக்கைக்காகவே சுட்டுத் தீர்த்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று பெயர்கள் தனித்தனியே வருகின்றன. நாமோ மரத்தில் தாவுவதை எல்லாம் 'குரங்கு' என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம்.

காகிதத்தில் இறக்கும்போதுதான் கஷ்டம் புரிந்தது. நம் பத்திரிகைக் காகிதத்தில் கறுப்பு உடம்பை அச்சிட்டால் கை எது, கால் எது என்று தெரியாமல் மைக் கூடு கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும். சாம்பல் நிறமாக்கினால் அது சோலைமந்தி அல்ல. கறுப்புக்குள்ளேயே கையும் காலும் உடம்பைத் தொடும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விட்டு இதைத் தீர்த்தார் சித்திரக்காரர். அந்தக் கோட்டுக்காக எட்டுத் தாள்கள் கசங்கின.

அடுத்தது சிரிப்பு. கார்ட்டூன் பிராணி என்றால் வாய் விரியப் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் இந்த இனத்துக் குரங்குகளின் பாஷையில் பல்லைக் காட்டுவதற்கு அர்த்தமே வேறு. 'உன்னிடம் எனக்குப் பயம்; என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். சிநேகத்தைக் காட்ட உதட்டைச் சப்புக் கொட்டும். பல்லிளிக்கும் சோலைமந்தியை அட்டைப்படத்தில் போட்டால், நம் குழந்தைகள் 'என்ன சந்தோஷம்!' என்று நினைப்பார்கள்; காட்டில் இருக்கிற அவள் உறவினர்கள் 'ஐயோ, பாவம்!' என்று நினைப்பார்கள். இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு வாயை மூடிவிட்டோம். புருவமும் வாலும் பேசட்டும். கன்னத்தின் இரு பக்கமும் பை உண்டே, அதில் பழத்தை அடைத்துக்கொண்டு உப்பிய முகமாக இருந்தால் சிரிப்பு தானே வரும்.

மூன்றாவது தகராறு சட்டை. பெண் குரங்கு என்று தெரிய வேண்டாமா, ஒரு பாவாடை போடுங்களேன் என்றார் விற்பனை நண்பர். சீமை வாத்து மாலுமிச் சட்டை போடுகிறது (கீழே ஒன்றும் போடுவதில்லை, அதை யாரும் கேட்பதில்லை). டிஸ்னியார் 1942-இல் பிரேஜில் நாட்டுக்காக உண்டாக்கிய பச்சைக் கிளி ஹோஸே கரியோக்கா தொப்பி, டை, குடை சகிதம் வந்தது. பட்டணத்து எலிக்கும் சுருட்டுப் பிடிக்கும் கிளிக்கும் உடுப்பு பொருந்தலாம். ஆனால் சட்டை போட்ட அந்தக் கணத்தில் மந்தி மறைந்து, மந்தி முகமூடி போட்ட ஒரு பெண் குழந்தை அல்லவா நிற்கிறது? வெள்ளிப் பிடரியைவிட நல்ல உடுப்பை எந்தத் தையற்காரர் தைத்துவிடப் போகிறார்? மந்திக்குச் சட்டை கிடையாது என்று தீர்ந்தது. பெயர், சோலையம்மாள். குட்டிகளுக்குப் பிறக்கும்போது பிடரி இருப்பதில்லை. ஆகவே அவளுடைய தம்பிக்கு மொட்டை முகம், 'எனக்கு எப்போது மீசை முளைக்கும்?' என்கிற தோரணையில் ஒரு கேள்வி.

மூன்று மாதம் முகம் காட்டாத மாமி

இருவாச்சிப் பறவையைப் பற்றி எழுதும்போது என் பேனா கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, மன்னிக்க வேண்டும்.

நாலடி நீளம். வளைந்த பெரிய மஞ்சள் அலகு. அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. பறக்கும்போது இறக்கையின் ஓசை பழைய நீராவி ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல் 'புஸ்... புஸ்...' என்று தூரத்திலிருந்தே கேட்கும். இதைப் பார்த்தவுடனே யாருக்கும் தோன்றுவது ஜமீன்தார் வேஷம்தான். தலைப்பாகை மாதிரி கொண்டை, தொந்தி, அதிகாரம். சித்திரக்காரரும் முதலில் அப்படித்தான் ஒரு வரைவு போட்டார். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பறவையின் ஜாதகமே வேறு.

கூடு கட்டும் காலத்தில் பெண் இருவாச்சி பெரிய மரப் பொந்துக்குள் புகுந்துகொண்டு, தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். உள்ளே இறகுகளை உதிர்த்துவிட்டு முட்டையிட்டு அடைகாக்கும். மூன்று மாதத்துக்கு மேல் இந்த வாசம். அத்தனை நாளும் ஆண் பறவை காடெல்லாம் அலைந்து ஆல், அத்தி இனத்துப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிளவின் வழியே ஊட்டும். ஜமீன்தாராவது, தொந்தியாவது! மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற, பஸ்ஸுக்கு ஓடுகிற நம் வீட்டு மாமா அவர்.

இதைச் சொன்னதும் சித்திரக்காரர் ஜமீன்தாரை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். புது மாமாவுக்குத் தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஒரு பழம் குறைந்துவிட்டதோ என்று எப்போதும் எண்ணிக்கொண்டே இருப்பார்.

ஆனால் உண்மையான அதிர்ஷ்டம் மாமிதான். வாராவாரம் வருகிற பத்திரிகைக்கு இதைவிட நல்ல பாத்திரம் எங்கே கிடைக்கும்? பன்னிரண்டு இதழுக்குக் குறையாமல் மாமியின் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. மரத்தில் ஒரு பிளவு, அதில் ஓர் அலகு நுனி, அவ்வளவுதான் படம். அந்த நுனியை வைத்துக்கொண்டு கோபமும் கொஞ்சலும் அதிகாரமும் காட்ட வேண்டும். 'மாமி எப்படி இருப்பாள்?' என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாரம் மாமா நேரத்துக்கு வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? இறக்கை இல்லாமல் வெளியே வரவும் முடியாது. தொடர்கதை ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு தேடுகிற 'அடுத்த வாரம்' இதோ, மரத்திலேயே இருக்கிறது!

தவளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003-இல் எஸ். டி. பிஜு, பிரான்கி போசுயிட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கேரளத்து மலையிலிருந்து ஒரு தவளையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றி மாதிரி கூரிய மூக்கு. வருஷம் முழுவதும் பூமிக்கு அடியில் கரையான் தின்று வாழ்ந்துவிட்டு, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது இந்து மகாசமுத்திரத்துச் செஷல்ஸ் தீவுகளில். அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்து உறவு. வருஷத்துக்கு ஒரு முறை பாதாளத்திலிருந்து வருவதால் கேரளத்தில் இதற்கு மகாபலியின் பெயரையே வைத்து 'மாவேலித் தவளை' என்கிறார்கள்.

2017-இல் இதன் தம்பி ஒருவர் நம் பக்கத்துச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இருப்பது தெரிய வந்தது. சுப்பிரமணியம் பூபதி என்ற காலஞ்சென்ற விஞ்ஞானியின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள். மலையின் கிழக்குச் சரிவுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று அல்லவா? ஆகவே இவர் வருவது ஐப்பசி மழையை ஒட்டி. கவனித்தீர்களா? நேராகத் தீபாவளி மலருக்கு வந்து சேருகிறார்! வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, மலரில் மட்டும் தலைகாட்டுகிற பாத்திரம். மற்ற ஐம்பத்தொரு வாரமும் தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்கும். பெல்ஜிய நாட்டுச் சித்திரக்காரர் பிராங்கன் 1952-இல் 'மார்சுபிலாமி' என்று ஒரு பிராணியைக் கற்பித்தார்: மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, எட்டு மீட்டர் வால், தென் அமெரிக்க மழைக்காட்டில் வாசம். உலகமே கொண்டாடிய அபாரக் கற்பனை. ஆனால் இந்தத் தவளையைப் பார்த்த பிறகு எங்கள் சித்திரக்காரர், "நமக்குக் கற்பனைச் செலவே இல்லை, தம்பி" என்றார்.

ஆறாவது பாத்திரம்

காட்டில் எங்களுக்கு வழிகாட்டியவர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் காடர் இனத்தவர். ஆனைமலைக் காடுகளை அந்த மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கேரளத்தில் வாழச்சால் பக்கம் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காப்பதும் காடர்கள்தான். எங்கள் நண்பர் அதிகம் பேசமாட்டார். ஒரு கிளை ஆடினால், அசைத்தது காற்றா, மலையணிலா, மந்தியா என்று பார்க்காமலே சொல்வார். இரண்டு நாளும் சித்திரக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சித்திரக்காரர் தொடரின் முகப்புப் படத்துக்கு ஒரு மாதிரி வரைந்தார். நடுவில் சோலையம்மாள். மேலே மாமா. கீழே ஓரத்தில், கை போன போக்கில், 'காட்டுவாசி' ஒருவர்: இடுப்பில் தழை, கழுத்தில் பாசிமணி, தலையில் இறகு, கையில் ஈட்டி. நண்பர் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"மந்தி ரொம்ப நல்லா வந்திருக்கு சார். அச்சு அசல்" என்றார். பிறகு விரலால் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "அதை ரெண்டு நாளா கண்ணு வலிக்கப் பார்த்து வரைஞ்சீங்க. என்னைப் பார்க்காமலே வரைஞ்சுட்டீங்களே."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. சித்திரக்காரர் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். அப்புறம் புதுத் தாளைத் திருப்பி, "அப்படியே உட்காருங்க ஐயா, அசையாதீங்க" என்று ஆரம்பித்தார். காக்கிச் சட்டை. முழங்கால் வரை கட்டிய அட்டைக் காலுறை. சட்டைப் பையில் செல்போன். மடக்கிய குடை. எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி லேசாகச் சாய்ந்த தலை. ஆசிரியர் ஐந்து கேட்டார், ஆறாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் ஆறில் சிறந்த படம் அதுதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, குழந்தைகள் படம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஜப்பானியக் கதை சொல்கிறேன். 1977-இல் அங்கே தொலைக்காட்சியில் 'ராஸ்கல்' என்ற ரக்கூன் குட்டியைப் பற்றி ஒரு சித்திரத் தொடர் வந்தது. கொள்ளை அழகு. பார்த்த குழந்தைகள் எல்லாம் 'எனக்கும் ஒன்று' என்று அடம் பிடிக்க, அமெரிக்காவிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ரக்கூன்கள் கப்பலேறின. குட்டி வளர்ந்ததும் கடிக்க ஆரம்பித்தது. தப்பி ஓடியவை போக, மிச்சத்தைப் பெற்றோர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தொடரின் கடைசியில் அந்தப் பையனும் குட்டியைக் காட்டில்தான் விடுகிறான். ஆனால் கதை நடப்பது அமெரிக்காவில். அங்கே அது சொந்தக் காடு. ஜப்பானில் அது அந்நியப் பிராணி. இன்று அந்த நாட்டின் வயல்களையும் பழைய கோயில் கூரைகளையும் அவை பாழ்படுத்துகின்றன. கோடு போட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை.

மாறாக, நல்லதும் நடந்திருக்கிறது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று 1970-களில் கிளர்ச்சி எழுந்தபோது அதற்கு அடையாளமாக நின்றது சோலைமந்திதான். அணை கைவிடப்பட்டு, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று.

ஆகவே எங்கள் தொடருக்கு இரண்டு விதிகள் போட்டிருக்கிறோம். எந்தப் பாத்திரமும் யார் வீட்டிலும் வளராது. எந்த மனிதரும் எந்தப் பிராணிக்கும் தின்பண்டம் கொடுக்கமாட்டார். புதுத்தோட்டத்தில் மந்திகள் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபடவும் செய்கின்றன. அதற்காகவே மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி வாழைப்பழம் நீட்டுகிற புண்ணியவான்கள் அந்தப் பாலத்தைக் கீழே இழுத்துவிடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தேவாங்கு

ஐந்தாவது பாத்திரத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு.

தேவாங்கு சுமார் கால் கிலோவே தேறும் ஜீவன். வால் கிடையாது. குச்சி போன்ற கை கால். முகத்தில் பாதி கண். இரவெல்லாம் சத்தமில்லாமல் கிளை கிளையாக நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும். பெரிய தலை, பெரிய கண் என்றால் மனித மனம் குழந்தையென்று இளகிவிடும் என்று லோரென்ஸ் என்ற விஞ்ஞானி 1943-இல் எழுதினார். மிக்கி எலியின் தலையும் கண்ணும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகி வந்ததை அளந்து 1979-இல் ஸ்டீபன் ஜே கூல்ட் வேடிக்கையாக ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தேவாங்குதான் நம் நாட்டின் மிக அழகான பிராணியாக இருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? பிடித்துக் கூண்டில் போட்டுச் சோசியம் பார்த்தோம். கண்ணில் மருந்து இருக்கிறது, எலும்பில் மந்திரம் இருக்கிறது என்றோம். பெயரை வசவாக்கினோம். 2022-இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம். காட்டில் இடம் கிடைத்துவிட்டது. நம் பேச்சில்தான் இன்னும் கிடைக்கவில்லை.

திட்டக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது, "தேவாங்குதான் கோமாளி. ஒல்லி, பயந்தாங்கொள்ளி, எல்லோரிடமும் உதை வாங்கும். சிரிப்புக்குப் பஞ்சமே இராது!"

நான் முடியாது என்றேன். சற்று உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து பிழை திருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

என் தம்பி மெலிந்த உடல்வாகு. ஆறு வயதிலேயே தடித்த மூக்குக் கண்ணாடி. அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவனுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுந்தான் இருந்தது. மற்றபடி பையன்களுக்கும், இரண்டொரு வாத்தியார்களுக்கும்கூட, அவன் 'தேவாங்கு'. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் கண்ணாடியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, தொலைந்துபோயிற்று என்று வீட்டில் சொன்னான். மூன்று மாதம் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. அம்மா அதைக் கண்டுபிடித்தது அரைப் பரீட்சை மார்க்கைப் பார்த்த பிறகுதான்.

இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. சித்திரக்காரரிடம் தனியாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். இருட்டுக் காடு. எல்லாப் பாத்திரங்களும் தூங்குகின்றன, மாமாகூட. ஒரு கிளையில் இரண்டு பெரிய கண்கள் மட்டும் விழித்திருக்கின்றன. "இவன் ராக்காவல்காரன். ராத்திரி காட்டில் என்ன நடக்கிறது என்று இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் காலையில் இவனிடம் வந்து கேட்க வேண்டும். கண்ணுக்கு ஏற்ற வேலை, தம்பி" என்றார்.

ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என் தம்பி இப்போது திருச்சியில் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறான். படத்தைச் செல்போனில் பிடித்து, யார் எவர் என்று ஒரு வார்த்தையும் எழுதாமல் அவனுக்கு அனுப்பினேன். அன்று பதில் இல்லை. மறுநாள் இரவு வந்தது: "கண் நன்றாக இருக்கிறது. கை இவ்வளவு பருமனாக இருக்காது. இன்னும் மெல்லிசாகப் போடச் சொல்."

சித்திரக்காரர் திருத்திக்கொண்டிருக்கிறார்.